முத்திரை வைக்காதவர்கள்: வீணை தனம்மாளை முன்வைத்து

1

சில வருஷங்களுக்கு முன் தைப்பூசத்தை ஒட்டி வடலூரில் ஒரு கச்சேரி. பாடியவர் வெளியூர்க்காரர், நல்ல சாரீரம். அருட்பாவிலிருந்து ஒரு பாட்டைச் செஞ்சுருட்டியில் எடுத்தார். முதல் இரண்டு அடிகள் வழக்கம்போலத்தான் போயின. மூன்றாம் அடியில், குரல் மேலே ஏறும் என்று காது எதிர்பார்க்கிற இடத்தில், மெட்டு சட்டென்று இறங்கி மந்தர தைவதத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்திலிருந்த பெரியவர் 'ஆகா' என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இறக்கம் எப்படி உண்டானது என்று எனக்குத் தெரியும். அது உண்டானபோது நான் அந்த அறையில் இருந்தேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸின் முன்னறை. சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே ஒரு அம்மா பெண்பிள்ளைகளுக்கு வீணையும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுப்பார். எங்களுக்கு அவர் டீச்சர், அவ்வளவுதான். அக்காவுக்குத் துணையாகப் போய்வருவது என் வேலை. மூலையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் டீச்சர். மூன்றாம் அடியை முதலில் மேலேதான் கொண்டுபோனார். அக்காவுக்கு எட்டவில்லை. குரல் கீச்சிட்டது, மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். 'எட்டலையா? பரவால்ல, கீழ வா. கீழயும் அவருதான் இருக்காரு' என்று சொல்லிவிட்டு டீச்சர் அந்த அடியை அங்கேயே திருப்பினார். இரண்டு மூன்று தரம் வீணையில் வாசித்துப் பார்த்தார். முகம் மாறியது. இதுதான் சரி என்று பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நன்றாகப் பாடுகிற பிள்ளைகளுக்கும் அவர் அப்படியேதான் சொல்லிக்கொடுத்தார்.

கச்சேரி முடிந்ததும் பாடகரிடம் போய்க் கேட்டேன்: 'சார், அந்தச் செஞ்சுருட்டி மெட்டு யாருடையது?' அவர் சொன்னார்: 'அது பழைய மெட்டுங்க. ட்ரெடிஷனல்.'

அவர் பொய் சொல்லவில்லை. நாலைந்து வாய் தாண்டி அது அவரிடம் வந்திருக்கும். ஒரு பெண் ஒரு சாயங்காலம் எடுத்த முடிவு இருபது வருஷத்துக்குள் 'மரபு' ஆகிவிட்டது. அதற்குள்ளே எட்டாத குரலுடைய ஒரு சிறுமியும் இருக்கிறாள். ஆனால் 'பழைய மெட்டு' என்ற இரண்டு சொற்களில் இரண்டு பேரும் காணாமல் போகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டு சொற்களைப் பற்றியது.

2

தமிழில் எம்.ஏ. படித்தவர்கள் எல்லோருக்கும் திருமுறை கண்ட கதை தெரியும். தேர்வில் கட்டாயம் வரும். உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் சொல்வது இது: தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் கண்டெடுக்கிறார்கள். கரையான் தின்றது போக மிஞ்சியதை நம்பி தொகுக்கிறார். சொல் கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. இருவரும் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போய் வேண்டுகிறார்கள். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் இருக்கிறாள், அவளைக் கொண்டு பண் அமைத்துக்கொள்க என்று அசரீரி பிறக்கிறது. அவளை அழைத்துவருகிறார்கள். அவள் பண் அடைவு செய்துகொடுக்கிறாள்.

திருஎருக்கத்தம்புலியூர் என்பது விருத்தாசலத்துக்குப் பக்கத்திலுள்ள இன்றைய ராஜேந்திரப்பட்டினம். எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். யாழ்ப்பாணரின் பெயர் புராணத்தில் இருக்கிறது, மன்னனுக்கும் நம்பிக்கும் சொல்லவே வேண்டாம். தேவாரம் முழுவதற்கும் பண் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பெண்ணுக்கு மட்டும் பெயர் இல்லை. அவள் ஒரு மரபின் பெண், அவ்வளவே. கதை நடந்ததா இல்லையா என்பது வேறு விவாதம். ஒரு கதையைக் கட்டுகிறவர்கள் அதில் யாருக்குப் பெயர் வைக்கிறார்கள், யாருக்கு வைக்காமல் விடுகிறார்கள் என்பதும் வரலாற்றுச் சான்றுதான். எங்கள் வகுப்பில் திருமுறை எத்தனை, தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்று கேட்டார்கள். பண் அமைத்தவர் யார் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கச் சொல்கிறேன். சங்கீதக்காரர்கள் 'பாடாந்தரம்' என்பார்கள். ஒரு குரு வழியாக ஒருவருக்கு வந்துசேர்ந்த பாட்டின் வடிவம் அது. 'அவங்க பாடாந்தரம் வேற' என்று சொன்னால் அதில் மரியாதையும் இருக்கும், கொஞ்சம் பொறாமையும் இருக்கும். ஆனால் சொல்லைப் பிரித்தால் 'வேறொரு பாடம்' என்றுதான் பொருள். அதாவது, ஏட்டுச் சுவடி ஆராய்ச்சியில் நாங்கள் படித்த பாடபேதம். தமிழ்த்துறையில் பாடபேதம் என்பது ஒரு நோய். பல ஏடுகளை ஒப்பிட்டு, பிழைகளைக் களைந்து, மூல ஆசிரியன் எழுதிய ஒற்றைப் பாடத்துக்குத் திரும்பிப் போவதுதான் பதிப்பு. இசையிலோ பாடாந்தரம் சொத்து. ஒன்றில் களையப்படுவது மற்றொன்றில் காப்பாற்றப்படுகிறது. உ.வே.சா. வழியில் பயின்ற நமக்கு இரண்டாவதைப் பார்க்கும் கண் இல்லாமல் போனது எதேச்சையானதல்ல. மூல ஆசிரியன் என்ற ஒருவனை நோக்கியே நம் பயிற்சி முழுவதும் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

3

மறைக்கப்பட்ட பெண்களைத் தேட ஐரோப்பாவில் ஒரு முறை உண்டு. அதை அலமாரி முறை என்று சொல்லிக்கொள்கிறேன்.

லூயிஸ் ஃபரென்க் (1804–1875) என்ற பிரெஞ்சுப் பெண்மணி பாரிஸ் கன்சர்வேட்டரியில் 1842 முதல் முப்பது வருஷங்கள் பியானோப் பேராசிரியராக இருந்தார். பெண்கள் வகுப்பு மட்டும் அவருக்கு. சம்பளம் ஆண் பேராசிரியர்களைவிடக் குறைவு. 1850-இல் ஒன்பது வாத்தியங்களுக்கான அவருடைய படைப்பு அரங்கேறியது. அதில் வயலின் வாசித்தவர் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற யோவாகிம். அந்த வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு சமச் சம்பளம் கேட்டு வாங்கினார். மூன்று சிம்பனிகள் எழுதியிருக்கிறார். 1859-இல் பியானோக் கலைஞராக இருந்த மகள் இறந்த பிறகு புதிதாக எழுதுவதை அநேகமாக விட்டுவிட்டார். கணவரோடு சேர்ந்து பழைய பியானோ, ஹார்ப்சிகார்டு இசையைத் தொகுக்க ஆரம்பித்தார். கணவர் 1865-இல் காலமானதும் தனியாளாக அந்த வேலையைத் தொடர்ந்து முடித்தார். படைப்பவர், சொல்லிக்கொடுப்பவர், காப்பாற்றுபவர் என்று மூன்றுமாக இருந்தவர் அவர். இறந்தபின் இசை வரலாறு அவரை மறந்தது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பெண்ணிய ஆய்வாளர்கள் அலமாரியைத் திறந்தபோது கையெழுத்துப் பிரதிகள் அப்படியே இருந்தன. தூசி தட்டி வாசித்தார்கள். சிம்பனிகள் மறுபடி ஒலித்தன.

இந்த முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. அலமாரியில் தாள் இருக்க வேண்டும்.

நம் ஊரில் அலமாரியைத் திறந்தால் என்ன இருக்கும்? டீச்சரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அதில் பாட்டின் வரிகள் இருந்தன, மெட்டு இல்லை. மெட்டு விரலிலும் தொண்டையிலும் இருந்தது. அலமாரி முறையை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் 'தேடினோம், இல்லை' என்ற விடைதான் வரும். தமிழகத்தில் பெண் சாகித்தியகர்த்தாக்கள் குறைவு என்று நம் இசை வரலாற்றுப் புத்தகங்கள் எழுதுவது இந்த விடையைத்தான்.

சிறுபத்திரிகை வாசகர்கள் இந்த இடத்தில் ரோலான் பார்த்தை நினைத்துக்கொள்வார்கள். ஆசிரியனின் மரணம் பற்றி அவர் 1967-இல் எழுதியதை நமக்கு முந்திய தலைமுறை தமிழில் கொண்டாடித் தீர்த்தது. பிரதிதான் முக்கியம், ஆசிரியன் இல்லை என்றார்கள். நல்லது. அந்தப் பார்த் வாழ்நாள் முழுக்கப் பொழுதுபோக்காகப் பியானோ வாசித்தவர் என்பதும், அவருடைய அத்தை பேயோன் நகரத்தில் பியானோ டீச்சராக இருந்தவர் என்பதும் நம் விவாதங்களில் வந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அந்த அத்தைமீது ஒரு கண். ஆசிரியன் செத்துப்போக வேண்டுமானால் முதலில் பிறந்திருக்க வேண்டும். எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணோ நெய்வேலி டீச்சரோ ஆசிரியராகப் பிறக்கவே இல்லை. பிறக்காதவர்களுக்குக் கருமாதி செய்கிற கோட்பாட்டை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

4

வடலூர் தருமச்சாலையில் அடுப்பு மூட்டியது 1867-இல். அருட்பாவின் முதல் பதிப்பு வெளிவந்ததும் அதே வருஷம். சென்னையில், அன்று கருப்பர் நகரம் என்று வழங்கி பின்பு ஜார்ஜ் டவுன் ஆன பகுதியில் தனம்மாள் பிறந்ததும் 1867-இல்தான். மூன்றையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அருட்பா அச்சேறியது. அச்சேறியதால் அது அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை வந்தது. சண்டை வந்ததால் அது வரலாறு ஆனது. தனம்மாள் வீட்டில் நடந்தது எதுவும் அச்சேறவில்லை. சண்டை போடக்கூட யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பாட்டி காமாட்சி தஞ்சை அரசவையில் ஆடிய குடும்பம். தாய் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் பாடம் கேட்டவர். ஆக, சியாமா சாஸ்திரியின் கிருதிகள் தனம்மாளுக்குத் தாய் வழியாகவே வந்தன. தீட்சிதர் கிருதிகள் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடமிருந்தும், க்ஷேத்ரக்ஞர் பதங்கள் பாலதாஸ் நாயுடுவிடமிருந்தும் வந்தன. ஜாவளிகளைப் பொறுத்தவரை அவற்றை இயற்றிய தர்மபுரி சுப்பராயரே அந்த வீட்டுக்கு வேண்டியவர். ஒரே ஒரு பெண்ணின் நினைவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சங்கீதத்தின் பெரும்பகுதி வந்து சேர்ந்திருந்தது. தேவதாசி மரபில் பிறந்த பெண் என்பதால் அது சாத்தியமாயிற்று. வேறு எந்தச் சாதிப் பெண்ணுக்கும் அன்று இத்தனை ஆசிரியர்கள் வாய்த்திருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டில் வீணை. சங்கீத வித்வான்களும் ரசிகர்களும் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். வீணையோடு சேர்ந்து மெல்லிய குரலில் பாடுவார். சத்தம் குறைவான வாத்தியம், அதைவிடச் சத்தம் குறைவான குரல். பிற்காலத்தில் பார்வை போய்விட்டது, வறுமையும் இருந்தது. 1938-இல் காலமானார். 1930-களில் வந்த சில இசைத்தட்டுகளே இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பவை. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷ அளவில் அடைபட்ட ஒரு சமுத்திரம்.

அவருடைய படைப்புகள் எத்தனை என்று கேட்டால் பட்டியல் பூஜ்யம். சரி, கேள்வியை மாற்றிக் கேட்போம். அவர் வாசித்த க்ஷேத்ரக்ஞர் பதத்தை உண்டாக்கியவர் யார்?

க்ஷேத்ரக்ஞர் பதினேழாம் நூற்றாண்டுக்காரர். தஞ்சை விஜயராகவ நாயக்கர் அவையோடு தொடர்புடையவர். சொற்கள் ஏட்டில் வந்தன. அவர் பாடிய மெட்டு ஏட்டில் வரவில்லை. ராகப் பெயரும் தாளப் பெயரும் மட்டும் இருந்தால் மெட்டு கிடைத்துவிடாது. கல்யாணி என்று எழுதிவைத்தால் கல்யாணியில் ஆயிரம் மெட்டுப் போடலாம். சுரக்குறிப்போடு அவற்றில் சில அச்சாகத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி எட்டயபுரத்தில் வெளிவந்தது 1904-இல். இடைப்பட்ட இருநூறு வருஷங்களுக்கு மேல் இந்தப் பதங்கள் எங்கே இருந்தன? பெரும்பாலும் ஆடியும் பாடியும் வாழ்ந்த பெண்களின் வாயில். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பாட்டியின் மூச்சு எவ்வளவு நீளம், ஒரு பேத்தியின் குரல் எங்கே நிற்கும், ஒரு அபிநயத்துக்கு எத்தனை ஆவர்த்தனம் காத்திருக்க வேண்டும் என்பவை மெட்டின் உருவத்தைத் தீர்மானித்திருக்கின்றன. நெய்வேலியில் என் அக்காவின் குரல் ஒரு அடியைத் திருப்பியது போல.

கைக்கு எட்டுகிற சான்று ஒன்று சொல்கிறேன். பதத்தை ஏட்டில் பார்த்தால் பல்லவி முதலில் வரும், பிறகு அனுபல்லவி, சரணம். ஆனால் பல பதங்களை மரபில் வந்தவர்கள் அனுபல்லவியில் எடுத்து, பிறகுதான் பல்லவிக்கு வருவார்கள். கேட்பவரை நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிற உத்தி அது. குறை சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் வாக்கியத்துக்குள் நாம் பாதியில் நுழைகிறோம். இதை ஏடு எழுதியவர் செய்யவில்லை, பாடியவர்கள் செய்திருக்கிறார்கள். நவீனக் கதையில் ஒருவர் இதைச் செய்தால் வடிவப் பரிசோதனை என்று பத்துப் பக்கம் எழுதுவோம். இங்கே 'சம்பிரதாயம்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம்.

இன்னொன்று, முத்திரை. நம் சாகித்தியகர்த்தாக்கள் பாட்டின் கடைசியில் பெயர் வைப்பார்கள். தியாகராஜர் தன் பெயரையே வைத்தார், தீட்சிதருக்கு குருகுஹ, க்ஷேத்ரக்ஞருக்கு முவ்வ கோபால. பதத்தில் பேசுகிறவள் பெண். அவளுடைய தாபம், கோபம், எகத்தாளம் எல்லாம் உண்டு. எழுதியவர் ஆண், முத்திரை ஆண் தெய்வத்தின் பெயர், பாடிக் காப்பாற்றியவர் பெண். பெண் குரலைக் கடன் வாங்கிய ஆணுக்கு முத்திரை இருக்கிறது. தன் குரலைக் கடன் கொடுத்த பெண்ணுக்கு இல்லை. அருட்பாவில் வள்ளலாரும் நாயகி பாவத்தில் பாடுகிறார். அதைப் பெண்கள் வீட்டில் பாடும்போது என்ன ஆகிறது என்று நாம் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

5

முத்திரை வைத்த பெண்கள் என்ன ஆனார்கள் என்றும் பார்க்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சையில் முத்துப்பழனி என்ற கணிகையர் மரபுப் பெண் ராதிகா சாந்தவனம் என்ற தெலுங்குக் காவியம் எழுதித் தன் பெயரையும் தன் வம்சத்தையும் அதில் தெளிவாகப் பதிந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை 1910-இல் மீண்டும் அச்சிட்டார். அரசாங்கம் ஆபாசம் என்று தடை போட்டது. சுதந்திரம் வந்த காலத்தில்தான் தடை நீங்கியது. ஆக, பெண்ணுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பெயர் வைத்தால் ஆபாசம், பெயர் வைக்காவிட்டால் மரபு.

தனம்மாள் மரபு ஆனார். அவரை எடுத்துக்கொண்டவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? 1928-இல் சென்னையில் சங்கீத வித்வத் சபை தொடங்கியது. சங்கீதம் கோயில், தாசி வீடு, ஜமீன் இவற்றிலிருந்து சபா மேடைக்கு இடம்பெயர்ந்த காலம் அது. மேல்சாதி வீட்டுப் பெண்கள் மேடையேற ஆரம்பித்தார்கள். அப்போது தனம்மாளின் சங்கீதம் 'சுத்தமானது' என்ற சொல்லால் போற்றப்பட்டது. இந்தச் 'சுத்தம்' யோசிக்க வேண்டிய சொல். அவர் பிறந்த சமூகத்தை அசுத்தம் என்று ஊரே பேசிய நேரத்தில் அவருடைய சங்கீதத்தை மட்டும் சுத்தம் என்று பிரித்தெடுத்தார்கள். பழத்தை எடுத்துக்கொண்டு மரத்தை வெட்டுவது போல.

தேவதாசி ஒழிப்பை நான் குறை சொல்லவில்லை. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே எழுந்த குரல்கள். பொட்டுக் கட்டுவதை நிறுத்திய 1947 சட்டம் நியாயமான சட்டம். பழைய தாசி வீட்டு அழகியல் என்று இன்று ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் எந்தப் பெண்ணும் அந்த வாழ்க்கைக்குத் திரும்ப விரும்பமாட்டாள் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். என் கேள்வி வேறு. சட்டம் பெண்ணை விடுவித்தது. அவள் உண்டாக்கிய இசைக்கு யார் பெயரில் பட்டா போடப்பட்டது?

எதிர்முகாமில் நாமும் இருந்தோம். 1940-களின் தமிழிசை இயக்கம் சரியான கேள்வியைக் கேட்டது. தமிழ்நாட்டில் தமிழில் ஏன் பாடக்கூடாது? 1941-இல் இங்கே பக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு, 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம். ஆனால் கேள்வி சாகித்தியத்தின் மொழியைப் பற்றியதாகவே இருந்தது. தெலுங்குப் பதமும் ஜாவளியும் சம்ஸ்கிருதக் கிருதியும் வாசித்த தனம்மாள் அந்தக் கணக்கில் வரவில்லை. அவர் பிராமணரல்லாதவர், ஒடுக்கப்பட்ட பெண், தமிழ் மண்ணில் தலைமுறை தலைமுறையாக உருவான வாசிப்பு முறைக்கு உரியவர் என்பதெல்லாம் சாகித்தியம் தெலுங்கு என்ற ஒரே காரணத்தால் அடிபட்டுப்போனது. சபைக்காரர்கள் இசையை எடுத்துக்கொண்டு பெண்ணை விட்டார்கள். நாம் சொல்லை மட்டும் பார்த்து இரண்டையும் விட்டோம். சொல்லை எழுதியவனே படைப்பாளி என்ற நம்பிக்கை மட்டும் இரு முகாமுக்கும் பொது.

இதன் விளைவு இசை விமர்சனத்தின் சொல்லகராதியில் தெரிகிறது. ஆண் இறந்தால் 'கிருதிகள்' விட்டுச்செல்கிறார், பெண் இறந்தால் 'பாணி' விட்டுச்செல்கிறார். தனம்மாள் பாணி, தனம்மாள் குடும்பம் என்கிறோம். பாணி என்பது காற்று மாதிரி. யாரும் சுவாசிக்கலாம், யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை. அவரிடம் பாடம் கேட்ட ரா. ரங்கராமானுஜ ஐயங்கார் கிருதி மணி மாலை என்ற பெரிய சுரக்குறிப்புத் தொகுதிகளை வெளியிட்டார். அரிய உழைப்பு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் புத்தகம் என்ற பொருள் வந்ததும் அட்டையில் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. எழுதியவரின் பெயர் அட்டைக்குப் போகிறது. பாடியவர் 'மூலம்' ஆகிறார். நாட்டார் வழக்காற்றில் 'தகவலாளி' என்கிறோமே, அதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

பேத்திகள் பிருந்தா (1912–1996), முக்தா, பாலசரஸ்வதி (1918–1984). பேரர்கள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகம்வரை அந்தச் சங்கீதத்தைக் கொண்டுபோனார்கள். பிருந்தா சொல்லிக்கொடுத்தவர்களில் ராம்நாட் கிருஷ்ணன் போன்ற பெரிய வித்வான்களும் உண்டு. சங்கீத கலாநிதி பட்டம் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1968-இல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. பாலசரஸ்வதிக்கு 1973-இல், பிருந்தாவுக்கு 1976-இல். பாட்டியின் வீட்டில் கற்றதற்குப் பேத்திகள் வழியாக ஒரு ரசீது வந்துசேர அவர் இறந்து முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

6

இதுவரை எழுதியதை ஒரு நண்பரிடம் வாசித்துக் காட்டினேன். சங்கீதம் தெரிந்தவர். 'நீங்க சொல்றது அந்தம்மாவுக்கே பிடிக்காது' என்றார். 'ஒரு அட்சரம் மாத்தாம பாட்டி சொன்னபடி வாசிக்கிறேன்னுதான் அவங்க பெருமையே. நீங்க மாத்தினாங்கன்னு சொல்லிப் பெருமைப்படுத்துறீங்க.'

இந்த ஆட்சேபம் சாதாரணமானதல்ல. அந்த வீட்டின் அதிகாரமே 'மாற்றவில்லை' என்பதில்தான் நின்றது. பாடாந்தரத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினார்கள். எல்லோருக்கும் சுலபத்தில் சொல்லிக்கொடுத்துவிடவும் இல்லை. நிலமும் பட்டாவும் இல்லாத பெண்களுக்கு அது ஒன்றுதான் சொத்து என்பதைப் பார்த்தால் அதுவும் புரிகிறது. அவரைக் கூப்பிட்டு 'நீங்கள் ஒரு கம்போசர்' என்றால் அவமானமாகக்கூட நினைத்திருக்கலாம்.

எனக்கு டீச்சர் ஞாபகம் வருகிறார். அந்தப் பாட்டை முதன்முதலில் பிள்ளைகள் பாடிக் கேட்ட அன்று என் அம்மா கேட்டார்: 'யாரு மெட்டு டீச்சர்? நல்லாருக்கே.' டீச்சர் வீணையை உறைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: 'இருந்ததுதாம்மா. நான் என்ன பண்ணேன்?'

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்ததல்ல. அவர்தான் பண்ணினார். பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஒரு பெண் தன் வேலையை 'இருந்தது' என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், பாட்டு நாலு பேரிடம் போகும். 'நான் பண்ணியது' என்றால் 'நீங்க யாரு பண்றதுக்கு?' என்று வரும். மரபு என்பது பெண்களுக்கு ஒரு மறைவிடமாகவும் இருந்திருக்கிறது. பெயரைக் கொடுத்துப் பாட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தனம்மாளின் 'மாற்றவில்லை' என்பதற்குள்ளும் இப்படி ஒன்று இருந்திருக்குமா? தெரியாது, ஊகம்தான். ஆனால் மாற்றாமல் வாசிப்பது என்பதே ஒரு தேர்வு. எதை மாற்றக்கூடாது என்று தீர்மானிக்கிறவருக்கு எது மாறினால் பாட்டு செத்துப்போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். படைப்பு என்பதற்கு என்னிடம் இதைவிடப் பெரிய விளக்கம் இல்லை.

ஆகவே தனம்மாளுக்கு 'வாக்கேயகாரர்' பட்டம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆண்களுக்கென்று தைத்த சட்டையை அவருக்குப் போட்டுப் பார்த்து, அளவு சரியில்லை என்று அவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். நம் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் மூன்று விவரங்கள் அச்சிடுகிறோம்: ராகம், தாளம், இயற்றியவர். நாலாவதாக ஒரு வரி சேர்க்க வேண்டும். பாடாந்தரம்: யார் வழி வந்தது? தெரிந்தவரை எழுதலாம். இரண்டு தலைமுறைக்கு மேல் தெரியாவிட்டால் இரண்டோடு நிறுத்தலாம். தேவாரப் பதிப்புகளில் பண்ணின் பெயருக்குப் பக்கத்தில் 'எருக்கத்தம்புலியூர்ப் பெண்' என்று போடலாம். பெயர் தெரியாதென்றால் பெயர் தெரியாதவள் என்றே போடலாம். 'பழைய மெட்டு' என்பதைவிட அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அந்த நாலாவது வரி வந்தால் இசை வரலாறு இரண்டாகப் பிளக்கும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கலாம். பிளக்கட்டும். இயற்றியவர்கள் பட்டியலில் தொண்ணூறு பங்கு ஆண்கள் என்றால், பாடாந்தரம் பட்டியலில் பாதிக்கு மேல் பெண்கள் வருவார்கள் என்பது என் எண்ணம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு படைப்பு என்றால் என்ன என்று மறுபடி பேச ஆரம்பிக்கலாம்.

அன்று கச்சேரி முடிந்து பாடகர் 'ட்ரெடிஷனல்' என்று சொன்னதும் நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். டீச்சர் இப்போது இல்லை. அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். சிரித்தாள். 'எனக்கு எட்டாததுக்கு ஊரே இறங்கிப் பாடுதா?' என்றாள். திரும்பிப் போய் அந்தப் பாடகரிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த தைப்பூசத்துக்கு அவர் வந்தால் சொல்வதாக இருக்கிறேன்.